ஃபைபரா, ஏர்ஃபைபரா, கேபிள்காரர் லைனா? ராமநாதபுரம் கடலோரக் கணக்கு

மதுரையில் ஒரு இன்டர்நெட் இணைப்பு சரியில்லை என்றால் அடுத்த கம்பெனிக்கு மாறிவிடலாம். உச்சிப்புளி, தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் உள்தெருக்களில் அந்த வசதி அரிது. அதனால் எத்தனை எம்பிபிஎஸ் என்பதைவிட, டேட்டா தீர்ந்தபின் என்ன வேகம், அறுந்தால் யார் வந்து ஒட்டுவார் என்பதையே முதலில் கேளுங்கள்.

பிஎஸ்என்எல் ஃபைபரின் 449 ரூபாய் திட்டத்தில் 3300 ஜிபி. பிறகு 4 எம்பிபிஎஸ். ஜியோ ஏர்ஃபைபரின் (கேபிள் இல்லாமல் 5ஜி டவரிலிருந்து மாடி ஆன்டெனாவுக்கு வருவது) 599 ரூபாய் திட்டம் 30 எம்பிபிஎஸ், ஆனால் 1000 ஜிபி; தீர்ந்தால் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு எம்பி போட்டோ போகவே இரண்டு நிமிடம் தாண்டும். துபாயிலிருந்து வரும் வீடியோ காலுக்கு வழியே இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பில் சுமார் 530, 707. ஏர்ஃபைபரில் டிவி சேனல்களும் சேர்ந்து வருவதால், கேபிள் டிவியை நிறுத்தும் வீட்டுக்கு மட்டும் வித்தியாசம் குறையும்.

கண்ணாடி இழையை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. கெடுவது தாங்குகம்பியும் ஜாயின்ட் பெட்டியும்தான்: கம்பி துருப்பிடித்து லைன் தொங்கும், பெட்டிக்குள் ஈரம் இறங்கும். லைன் கொடுக்கும் அன்றே, வீட்டுக்கு வரும் ஒளியின் பலத்தை பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளி பலத்தின் அளவு) வரை நல்லது. மைனஸ் 27ஐத் தொட்டால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். ஜாயின்டை மெஷினில் உருக்கி ஒட்டித் தரக் கேளுங்கள். வீட்டு ஓரத்தில் ஐந்து மீட்டர் கூடுதல் கேபிளை அகலமாகச் சுருட்டி வைத்தால், அறுந்தாலும் இழுத்து ஒட்டலாம். இறுக்கிச் சுருட்டினால் ஒளி கசியும். மோடத்தில் லாஸ் (LOS, ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு லைனில்தான், ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

மின்வெட்டுக்கு, பெரும்பாலான ஃபைபர் மோடங்களுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். ஆனால் ஆபரேட்டர் பக்கம் பேட்டரி இல்லையென்றால் அதுவும் வீண்.

கேபிள்காரர் லைனில் பெரும்பாலும் வேறொரு கம்பெனியின் இணைப்பைத்தான் பங்கு போட்டுத் தருகிறார்கள். இரவு 9 மணிக்கு, வைஃபையில் அல்ல, லேன் வயர் மாட்டி வேகத்தைச் சோதியுங்கள். மெயின் லைன் எந்த வழியாக வருகிறது என்றும் கேளுங்கள். ஒரே ஃபைபரில் வரும் இரண்டு இணைப்புகளை வாங்கிவிட்டு பேக்கப் இருக்கிறது என்று ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்கள் நம்பக்கூடாது.

ஏர்ஃபைபருக்கு மொட்டைமாடியில் டவர் பக்கம் தென்னையோ பனையோ மறைக்கக்கூடாது. அதே கம்பெனி 5ஜி சிம்முடன் மாடியில் நின்று இரவு நேர வேகத்தைப் பாருங்கள். கிளாம்ப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், கனெக்டரின் உலோக முனைகளில் பச்சை பூக்காது.

ஏர்ஃபைபரில் வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 1000 ரூபாய் இன்ஸ்டலேஷன் தள்ளுபடி என்பார்கள். ஜிஎஸ்டியோடு சுமார் 8,480 ரூபாய் முன்பணம் அது. போட்டியே இல்லாத ஊரில் விட்டு விலகும் உரிமை ஒன்றுதான் நம் பிடி. அந்த ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு மாதம் மாதம் கட்டுங்கள். லைன்மேன் உள்ளூர்க்காரர் என்றால் பிஎஸ்என்எல், இல்லையென்றால் மாடிச் சோதனையில் தேறிய ஏர்ஃபைபர்.

கோளாறை லைன்மேனிடம் போனில் சொன்னால் மட்டும் பதிவாகாது. கம்பெனியின் புகார் எண்ணில் சொல்லி டாக்கெட் நம்பர் வாங்குங்கள்; தீராவிட்டால் அதை வைத்துத்தான் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும்.