பத்து வருஷமாக அலமாரியில் ஒரு கிரிஃபின்

விட்சர் 3 என்ற வீடியோ கேமின் கலெக்டர்ஸ் எடிஷன், அதாவது சிலை, புத்தகம் எல்லாம் சேர்ந்த பெரிய பெட்டி, என் வீட்டுக்கு வந்தது 2015-இல். சாதாரணப் பதிப்பு அமெரிக்காவில் 60 டாலர், இது 150. கழுகுத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட கிரிஃபினோடு கேமின் நாயகன் கெரால்ட் மல்லுக்கு நிற்கும் சிலையின் படத்தைப் பார்த்ததுமே மனசு அதில் விழுந்துவிட்டது. கூடுதலாக 90 டாலர் போகிறதே என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வந்தது.

முதலில் சிலை. கையால் வண்ணம் பூசிய பாலிஸ்டோன், நீளமான பக்கம் 33 செ.மீ. பாலிஸ்டோன் என்பது ரெசினில் கல்தூள் கலந்தது. நல்ல கனம். ஆனால் இடிபட்டால் பிளாஸ்டிக் மாதிரி வளைந்து கொடுக்காது, சில்லு தெறிக்கும். கூரியர்காரர் பெட்டியை எப்படித் தூக்கிப் போட்டாரோ, இறக்கையின் நுனி தனியாகத்தான் வந்தது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், இன்றுவரை நிற்கிறது. இறகு இடுக்குகளில் சேரும் தூசிக்குத் துணி சரிப்படாது, நூல் மாட்டிக்கொள்ளும். வாட்டர்கலர் பிரஷ்தான் மருந்து. இரண்டு வருஷம் ஜன்னலோரம் வைத்திருந்தது என் தப்பு, வெயில் பட்ட பக்கம் லேசாக வெளுத்துவிட்டது. பத்து வருஷத்தில் கெரால்ட் மூன்று வீடு மாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கென்று தனி அட்டைப்பெட்டி, மடியில் வைத்து ஆட்டோ பயணம்.

200 பக்க ஆர்ட்புக்கை முதல் வருஷம் அடிக்கடி புரட்டினேன். விருந்தாளிகளின் பிள்ளைகள் இன்னும் புரட்டுகிறார்கள். ஓநாய்த் தலை மெடாலியனை ஒரே ஒரு நாள் கழுத்தில் போட்டேன், அதோடு சரி. ஸ்டீல்புக் என்பது டிஸ்க் வைக்கும் ஒரு தகர டப்பா, அவ்வளவே.

கதையில் திருப்பம் என்னவென்றால், வரைபடம், ஸ்டிக்கர்கள், இசை சிடி, குட்டிக் கையேடு, நன்றிக் கடிதம் எல்லாம் 60 டாலர் பெட்டியிலேயே இருந்தன. எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். சிடி இன்னும் ஓடுகிறது. 150 கொடுத்த எனக்கோ பின்னால் வந்த இரண்டு விரிவாக்கங்களும் (கூடுதல் கதைப் பகுதிகள்) சேர்ந்து வரவில்லை, தனியாக வாங்கினேன். அடுத்த வருஷமே அவை இரண்டும் அடங்கிய கேம் ஆஃப் த இயர் பதிப்பு 50 டாலருக்கு வந்தது. வயிறு எரிந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

டிஸ்க் இருந்ததால் ஒரு லாபம் உண்டு. 2022 டிசம்பரில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) பதிப்பு இலவசமாகக் கிடைத்தபோது, அதே பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆடினேன். மற்ற கேம்களில் டிஸ்க்குக்கே உத்தரவாதம் இல்லை. அதே 2022-இல் காட் ஆஃப் வார் ரக்னராக் கலெக்டர்ஸ் எடிஷன் 200 டாலருக்கு வந்தது. தோரின் சுத்தியல் உண்டு, ஸ்டீல்புக் உண்டு, உள்ளே டிஸ்க் கிடையாது. டவுன்லோடு கோட்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 2018-இல் வந்த 100 டாலர் கலெக்டர்ஸ் பாக்ஸில் விளையாட்டே இல்லை, அதற்குத் தனிக் காசு. ஃபால்அவுட் 4-இன் கலெக்டர்ஸ் பெட்டியில் வந்த பிப்-பாய், கையில் மாட்டி உள்ளே போனைச் செருகும் கருவி, 2015-இன் போன் அளவுக்குச் செய்தது. இன்றைய போன்கள் அதற்குள் நுழையுமா என்ன!

அந்த மூன்றையும் விலைப்பட்டியல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். கிரிஃபினை விற்கிறாயா என்று போன மாதம் நண்பன் கேட்டான். ஒட்டிய இறக்கையைக் காட்டினேன், விலையைப் பாதியாகக் குறைத்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.