இரத்தத்துக்கு எது: பீற்றூட்டா, முருங்கையிலையா?

சந்தையால் பீற்றூட் வாங்கி வந்தால் அம்மாவின் முகமே மாறிவிடும். "நல்லாச் சாப்பிடு, இரத்தம் ஊறும்" என்பா. அவ சொல்லும்போது எங்கள் வளவு வேலியில் முருங்கை தளதளவென்று நிற்கும். அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பீற்றூட்டின் சிவப்புக்கும் இரும்புச்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது வெறும் நிறமி. நூறு கிராம் பச்சைப் பீற்றூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு முருங்கையிலையில் 4 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. சரி, நூறு கிராம் இலையை ஒரே நேரத்தில் யார் சாப்பிடுகிறார்கள்? வறையாகச் சுண்டினால் ஆளுக்கு ஒரு பிடிதான் வரும். அந்த ஒரு பிடியும் உடம்பில் சேரவேண்டுமென்றால் இறக்கினபிறகு தேசிக்காய் பிழியவேண்டும், சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கக்கூடாது. தேயிலை இரும்பை உடம்பு எடுக்க விடாது. வன்னியில் இது நடக்கிற காரியமா? கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசைக்கு இரண்டுமே ஈடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறசர் என்று வந்தால் என் வாக்கு பீற்றூட்டுக்குத்தான். அதிலுள்ள நைத்திரேற்று உடம்புக்குள் நைத்திரிக் ஒட்சைட்டாக மாறி இரத்தக்குழாய்களைத் தளர்த்தும். அழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஆனால் நாங்கள் அதை வெட்டி அவித்து, சிவப்புத் தண்ணியை வாழையடியில் ஊற்றிவிடுவோம். நைத்திரேற்றில் ஒரு பங்கும் ஃபோலேற்று என்ற விற்றமினில் ஒரு பங்கும் அந்தத் தண்ணியோடு போய்விடும். அளவாகத் தண்ணி விட்டுப் பால்கறியாக வைத்தால் மிஞ்சும். அதற்காகப் பிறசர்க் குளிசையை நிறுத்தவேண்டாம்.

சிறுநீரக வருத்தக்காரருக்குக் கணக்கு தலைகீழ். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பதால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இவர்கள் அவித்த தண்ணியை ஊற்றத்தான் வேண்டும், அதுவும் வைத்தியரைக் கேட்டபிறகு. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் பீற்றூட்டை, முக்கியமாக அதன் இலையை, குறைப்பது நல்லது; கல் உண்டாக்கும் ஒட்சலேற்று அதில் அதிகம்.

அப்புறம், பீற்றூட் சாப்பிட்ட மறுநாள் சலம் சிவப்பாகப் போனால் பதறவேண்டாம். சிலருக்கு அப்படித்தான். சாப்பிடாமலே அப்படிப் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் முருங்கைதான் என்று நான் தீர்ப்புச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. கொப்பு முறித்து வைத்தால் இலை உருவ ஒருவரும் வருவதில்லை. நேற்றும் பீற்றூட் கறிதான்.