அப்பாவுக்கு வாங்கிய காது மெஷின்

காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின். வலது காதுக்கு மட்டும் 38,000 ரூபாய். திருச்சியில் ஒரு கடையில், காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வயதானால் கீச்சு ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகுமாம். அதனால்தான் ஆண்கள் பேசுவது அப்பாவுக்கு ஓரளவு புரியும், நானோ பேத்தியோ வாயைத் திறந்தால் “என்னது, என்னது?”

மெஷின் நன்றாகவே வேலை செய்கிறது. காலிங் பெல், குக்கர் விசில் எல்லாம் கேட்கிறது. கல்யாண மண்டபத்தில் மட்டும் சரிப்படாது. தவிலும் நாலு பேர் பேச்சும் ஒன்றாகக் குழம்பி, மனுஷர் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். காதுக்குள் போகும் ரப்பர் சரியாக உட்காராமல் முதலில் கீ என்று கத்தியது. வேறு அளவு மாற்றித் தந்தார்கள், நின்றுவிட்டது.

பேட்டரி விஷயத்தில் ஜாக்கிரதை. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் நம்பர், அட்டைக்கு ஆறு. ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும். மெஷினில் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். அப்பா மின்வாரியத்தில் இருந்தவர், அவருக்குப் போய் நான் பேட்டரி பாடம் எடுக்க முடியுமா? “ரெடியா இருக்கட்டும்” என்று ஆறையும் உரித்து மாத்திரை டப்பாவில் அடுக்கிவைத்துவிட்டார். முதல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வீண். சரக்கு சரியில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

அப்பா என்றால் எனக்கு உயிர். ராத்திரி அவர் இருமினால் என் தூக்கம் போய்விடும். ஆனால் அரைமணி நேரம் உட்கார்ந்து அவரோடு பேசச் சொன்னால் என்னால் ஆகாது. மெஷின் வரும்வரை இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. வேளாவேளைக்குச் சோறு, மாத்திரை, அவ்வளவுதான். இப்போது அடுப்படியில் நான் போன் பேசுவதுகூட அவருக்குக் கேட்கிறது. “யாருக்கும்மா ஐயாயிரம் கொடுத்தே? திருப்பித் தருவாளா?”

சர்வீஸுக்குப் போனபோது கடைப் பெண் மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி, “ஐயா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் போடறார் போல” என்றாள். எவ்வளவு நேரம் ஓடியது என்று அதுவே கணக்கு வைக்குமாம்.

அந்த மூன்று மணி நேரம் எது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் சித்தப்பா வந்தால் மெஷின் காதில் ஏறிவிடும். லைன்மேன் கதை, பங்காளிச் சண்டை என்று இருவரும் சிரிப்பது தெருமுனைவரை கேட்கும். சித்தப்பா செருப்பை மாட்டினதும் அதுவும் டப்பாவுக்குள் போய்விடும். அப்புறம் நான் போய், “அப்பா, சுகர் மாத்திரை போட்டீங்களா?” என்றால், “கேக்கலம்மா.”

இத்தனைக்கும் சித்தப்பா ஒருநாள்கூட அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில்லை. நான் ஆபீஸிலிருந்து வர லேட்டானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் இதே அப்பாதான். முதலில் சுருக்கென்றது. அப்புறம், என் கதையும் அதேதானே, அவரை மட்டும் என்ன சொல்ல?

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். ஒன்றைக் குறைத்தது கல்யாண மண்டபத்துக்காக. இரண்டு காதுக்கும் போட்டால்தான் திசை சரியாகத் தெரியும், இன்னொன்றும் வாங்குங்கள் என்கிறார்கள் கடையில். அப்பாவிடம் கேட்டேன். “ஒண்ணு போதும்மா” என்றார். நானும் வற்புறுத்தவில்லை.