‘எல்லா வேலைக்கும் ஏற்றது’ என்று விற்கப்படும் கனத்த கத்திகள் குறித்து ஓர் எச்சரிக்கை

அடுக்கு எஃகில் (பல எஃகுத் தகடுகளை ஒன்றாக இணைத்தது) அடித்தது, பிடியின் கடைசிவரை ஒரே உலோகம், எல்லா வேலைக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்து இணையவழி விற்பனையாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய சமையல் கத்தியில், இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

காய்கறி நறுக்கும் கத்தியின் அலகு, முதுகில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கி, கருக்கை, அதாவது வெட்டும் விளிம்பை, நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே வர வேண்டும். எனக்கு வந்ததோ 4 மில்லிமீட்டருக்கும் கூடுதலான தடிமனோடு முக்கால் உயரம்வரை இறங்கி, அதன் பிறகே திடீரெனச் சரிந்தது. கேரட்டில் வைத்து அழுத்தினால், கருக்கு கொஞ்சம் இறங்கியதும் மேலே உள்ள தடித்த பகுதி ஆப்பைப் போல நுழைந்து காயைப் பிளந்துவிடுகிறது; துண்டு தெறித்து ஓடுகிறது. எத்தனை முறை சாணை பிடித்தாலும் இது மாறாது, ஏனெனில் குறை கூர்மையில் இல்லை, அலகின் வடிவத்தில் இருக்கிறது. எலும்பை வெட்டும் கத்திக்கு இந்தத் தடிமன் அவசியம். அடியைத் தாங்காத மெல்லிய கருக்கு அங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

எடை முன்பக்கம் சாய்வதும் தன்னளவில் குறையன்று. ஓங்கி வெட்டும் கத்தியில் அந்த எடையே பாதி வேலையைச் செய்கிறது. ஆனால் நெடுநேரம் பொடியாக நறுக்க, அலகும் பிடியும் சேரும் இடத்தை ஒட்டிச் சமநிலை அமைந்தால்தான் கை தளராது. இந்தக் கத்தியின் நுனி எப்போதும் கீழ்நோக்கி இழுக்க, அதைத் தூக்கிப் பிடிப்பதிலேயே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது.

காரணம், பிடி பிளந்தபோது தெரிந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு மெல்லிய கம்பி மட்டுமே இருந்தது; முன்பக்க எடையை ஈடுசெய்யப் பிடியில் கனமே இல்லை. வெளியே தெரிந்த ஆணிகள் வெறுமனே ஒட்டப்பட்ட வில்லைகள். அடுக்கு எஃகின் வரிகள் என்று காட்டப்பட்டவையும் மேற்பரப்பில் அச்சிட்டவையே. உண்மையான அடுக்குகளாக இருந்தால், துலக்கமாகவோ மங்கலாகவோ முதுகின் மேலும் கோடுகள் தொடரும். இதில் முதுகு வெறுமையாக இருந்தது.

புகார் செய்தபோது, கனம்தான் தரத்தின் அடையாளம் என்றும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்றும் பதில் வந்தது. வாங்குமுன் முதுகை மேலிருந்து எடுத்த படத்தையும், கத்தியை ஒரு விரலில் நிறுத்திச் சமநிலை காட்டும் படத்தையும் கேளுங்கள். இந்த விற்பனையாளர் அவற்றை அனுப்ப மறுத்துவிட்டார். இன்றும் பக்கவாட்டுப் படங்களை மட்டுமே காட்டி விற்கிறார்.