கடுவன் பூனை முக்கினால் மலச்சிக்கல் மருந்து வாங்காதீர்கள்

செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் நடந்தது. கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றார் வளர்ப்பவர். 'மூத்திரம் போகிறதா?' என்று விற்பவர் கேட்கவே இல்லை. மலச்சிக்கல் என்று அவரே முடிவுகட்டி, பேதி மருந்தும், அதற்கும் போகாவிட்டால் போடச் சொல்லி மனிதர்களுக்கான எனிமாவும் விற்றார். பூனைக்கு இருந்ததோ மூத்திர அடைப்பு. மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருந்ததில் ஓர் இரவு வீணானது. மறுநாள் வாந்தியெடுத்துத் துவண்ட பிறகுதான் மருத்துவரிடம் போனது.

கடுவனின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. சளிக்கட்டியோ நுண்படிகங்களோ அடைத்துக்கொண்டால் மூத்திரம் தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

முக்குவதை வைத்து மட்டும் மலச்சிக்கலையும் மூத்திர அடைப்பையும் பிரித்தறிய முடியாது. மணலைப் பாருங்கள். ஈரக் கட்டிகள் இல்லையா, சொட்டுச் சொட்டாகவோ ரத்தம் கலந்தோ இருக்கிறதா? பூனை கத்துகிறதா, பிறப்புறுப்பை விடாமல் நக்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அடைப்பு என்றே எண்ணி உடனே கிளம்புங்கள். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாகத் தட்டுப்படலாம். அதை அமுக்கவே கூடாது, மூத்திரப்பை கிழிந்துவிடும்.

அந்த எனிமாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதர்களுக்கு விற்கும் எனிமா பலவற்றில் சோடியம் பாஸ்பேட் இருக்கிறது. அது பூனையின் ரத்தத்தில் கால்சியத்தைச் சரித்து வலிப்பையும் மரணத்தையும் கொண்டுவரும். உண்மையிலேயே மலச்சிக்கல் இருந்தாலும் இது ஆகாது. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், ஒரு மாத்திரையே கொல்லும்.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கடைசியாக மூத்திரம் போனது எப்போது என்பதை. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஊசி மட்டும் போட்டு அனுப்பினால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். மயக்கம் கொடுத்து, மூத்திரக் குழாயில் கதீட்டர் என்னும் மெல்லிய குழல் போட்டு அடைப்பை நீக்குவது, டிரிப்ஸ் ஏற்றுவது, பொட்டாசியத்தைச் சோதிப்பது, இவைதான் சிகிச்சை. வீடு திரும்பிய முதல் சில நாட்களில் மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம். ஈரக் கட்டிகளைத் தினமும் எண்ணுங்கள். குறைந்தால் அன்றே திரும்பக் கொண்டுபோங்கள்.