வீட்டுக்கு முதலில் எது: கீபோர்டா, யுகுலேலேயா, தாளமா, வெறும் குரலா?

பிள்ளைக்கு ஐந்தாறு வயதானதும் பல வீடுகளில் ஒரு கீபோர்டு வந்து இறங்குகிறது. சில மாதங்களில் அது உறை போட்டு அலமாரி மேல் ஏறிவிடும். கருவியிலோ பிள்ளையிடமோ குறை ஒன்றும் இல்லை. வீட்டில் மற்ற யாருக்கும் அதில் வேலை இல்லாமல் போனதுதான் காரணம்.

இங்கே நான் ஒப்பிடுவது அரங்கேற்றத்துக்கான வாத்தியங்களை அல்ல. சாயங்காலம் கொஞ்ச நேரம் எல்லோரும் சேர்ந்து பாடி, தட்டி, வாசிக்க எது தோதுப்படும் என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டே விஷயங்களைப் பார்க்கிறேன். சங்கீதம் தெரியாத பெரியவரும் கூடச் சேர முடியுமா? பிள்ளை யாரிடமும் கேட்காமல் எடுத்துத் தொட முடியுமா? இந்த இரண்டிலும் முதலில் நிற்பது தாளம், அடுத்தது குரல், மூன்றாவதுதான் கீபோர்டு. குட்டிக் கிடார் போன்ற யுகுலேலே சில வீடுகளுக்கு மட்டும்.

தாளத்துக்கு ஏன் முதலிடம் என்றால், சுருதி சேராதவர்கள் உண்டு, கை தட்டத் தெரியாதவர்கள் மிகக் குறைவு. மிருதங்க வகுப்பில் வாயால் சொல்லும் சொற்கட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரலாம். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. அப்பா 'தகதிமி' சொல்லி ஒவ்வொரு 'த'வுக்கும் ஒரு தட்டு தட்டட்டும். பிள்ளை அதே வேகத்தில் 'தகிட' சொல்லி, அதன் 'த'வுக்குத் தட்டட்டும். முதல் தட்டு இருவருக்கும் ஒன்றாக விழும். அப்புறம் இரண்டும் விலகி ஓடும், யார் தப்புகிறார்கள் என்றே தெரியாது. அப்பா மூன்று சுற்றும் பிள்ளை நான்கு சுற்றும் முடித்த இடத்தில், அதாவது பன்னிரண்டு அட்சரம் (எண்ணிக்கை) கடந்ததும், இரண்டு தட்டும் 'டக்'கென்று ஒன்றாக விழும். அந்த இடத்தைப் பிடித்துவிட்ட பிள்ளை 'இன்னொரு தடவை' என்று கேட்காமல் விடாது. அடுத்த வாரம் நான்கையும் ஐந்தையும் மோதவிடுங்கள், தகதகிடவில் முதல் 'த'வுக்கு மட்டும் தட்டினால் இருபதில் சேரும். லயம் என்பதன் கணக்கு எல்லாம் இதற்குள் இருக்கிறது, காசு செலவும் கிடையாது.

கருவி வேண்டும் என்றால் எவர்சில்வர் டப்பா, தண்ணீர்க் குடம், ஒரு ஜோடி கோலாட்டக் கழி போதும். மானாமதுரைக் கடம் அருமையான பொருள்தான். ஆனால் கனமானது, சின்னப் பிள்ளை மடியில் வைத்துத் தூக்கி இறக்கினால் உடைந்துவிடும் என்ற பயத்திலேயே நாம் 'தொடாதே' சொல்லத் தொடங்குவோம். கஞ்சிரா ஒரு கையில் அடங்கும், சலங்கையும் இருப்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும். மரபுப்படி அதற்கு உடும்புத் தோல் போர்த்துவார்கள். உடும்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் உயிரினம். அதனால் வீட்டுக்கு வாங்குபவர்கள் செயற்கைத் தோல் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். தாளத்தில் ஒரே சிக்கல் சத்தம். அடுக்குமாடியில் இருந்தால் கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது குரல். இதில் பெரியவர்கள்தான் தடை. 'எனக்குக் குரலே வராது' என்று நாம் ஒதுங்கினால், பாட்டு என்பது நல்ல குரல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பிள்ளையும் நினைத்துக்கொள்ளும். சுமாரான குரலோடு தயங்காமல் பாடும் அம்மாதான் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய முதல் குரு என்று நான் நம்புகிறேன். செலவு என்றால் கைப்பேசியில் சுருதியை ஓயாமல் ஒலிக்கும் ஒரு தம்புராச் செயலி, அவ்வளவுதான். ஆனால் கட்டையை, அதாவது பாடும் சுருதியின் உயரத்தை, கவனியுங்கள். பெரியவருக்குச் சௌகரியமான சுருதியில் பிள்ளையை இழுத்தால் மேலே கத்தும், கீழே முனகும். பிள்ளை விளையாடும்போது தானாக முணுமுணுக்கும் இடம் எது என்று கேட்டு, தம்புராவை அங்கே வையுங்கள். சினிமாப் பாட்டுகளில் பல்லவி எளிதாக வரும், சரணம் உச்சத்துக்குப் போய்விடும். அங்கே தொண்டையை வருத்தாமல் பல்லவியோடு நிறுத்திக்கொண்டாலும் குற்றமில்லை. தாலாட்டும் கும்மிப் பாட்டும் பெரும்பாலும் சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றுவதால் சின்னக் குரலுக்கு அவையே நல்ல துணை.

சரி, கீபோர்டு. மூன்றாவது இடம் கொடுத்தாலும் இதன் மேல் எனக்குப் பிரியம் அதிகம், காரணம் விரலால் அழுத்தும் கறுப்புக் கட்டைகள். அவை இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்றாக இருக்கும் கூட்டத்தின் முதல் கட்டைதான் நாலரைக் கட்டை. அதை ஸட்ஜமாக, அதாவது ஆதாரமான 'ஸ'வாக வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாக அழுத்திக்கொண்டு போனால் மோகன ராகம் வரும். வெள்ளையைத் தொடாத வரை பிள்ளை எதைத் தொட்டாலும் மோகனத்துக்குள்தான் இருக்கும், தப்பு ஸ்வரம் என்பதே கிடையாது. அதற்கடுத்த ஐந்தரையிலிருந்து தொடங்கினால் அதே கட்டைகளில் மத்தியமாவதி. ஆறரையிலிருந்து ஹிந்தோளம். இரண்டாக இருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையான ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி, அதற்கடுத்த இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் வரவழைக்கும் கிரகபேதம் என்று பெரிய வித்வான்கள் கச்சேரியில் காட்டும் வித்தை இதுதான். நாம் அந்தந்தக் கட்டையில் தம்புராவைப் போட்டுவிட்டுப் பிள்ளையை விளையாட விட்டால் போதும். ஒரு நாள் என் மகள் ஆறரையில் ஆரம்பித்துவிட்டு, "அப்பா, இது வேற வீடு மாதிரி இருக்கு" என்றாள். ராகத்தின் பெயர் தெரியாமலே அதன் குணம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

வாங்கும்போது 32 குட்டிக் கட்டைகள் உள்ளதை விட, முழு அளவுள்ள 61 கட்டைகளையே சொல்வேன். விரல் பழக்கத்துக்காக மட்டுமல்ல. ஐந்து ஸ்தாயி இருப்பதால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், ஒருவர் கீழே ஸ-ப பிடித்துக்கொண்டிருக்க மற்றவர் மேலே உலாவலாம். எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், பிளக் செருகியபடி, உறை இல்லாமல் இருக்க வேண்டும்.

குறையும் சொல்லிவிட வேண்டும். கட்டை வாத்தியத்தில் ஸ்வரங்கள் படிக்கட்டாக நிற்கும், வழுக்கிச் செல்லாது. தோடி ராகத்தில் அசைந்தாடும் காந்தார ஸ்வரத்தை அதில் எங்கே தேடுவது? ஆர்மோனியத்தின் மேல் இருந்த இந்த மனக்குறையும் சேர்ந்துதான் அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் அது தளர்ந்தது. ஆகவே கர்நாடக சங்கீதம்தான் இலக்கு என்றால் கீபோர்டைக் காதுக்கும் விளையாட்டுக்கும் வைத்துக்கொண்டு, ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகத்தைக் குரலில் பழக்குங்கள். வாய்ப்பாட்டுக்காரர்களிடம் கீபோர்டு பழகிய பிள்ளையைக் கொண்டுபோனால் அவர்கள் முதலில் திருத்துவது இந்தப் படிக்கட்டுப் பழக்கத்தைத்தான்.

யுகுலேலே ஹவாய்த் தீவுகளின் வாத்தியம். 1879இல் மடீராவிலிருந்து கப்பலேறிய போர்த்துகீசியக் குடியேறிகள் கொண்டுவந்த சின்னக் கம்பி வாத்தியங்களிலிருந்து உருவானது. நைலான் நரம்பு என்பதால் பிஞ்சு விரலை அறுக்காது. நான்கே நரம்பு, ஒரு விரலை ஓரிடத்தில் வைத்தாலே ஸி கார்டு (சேர்ந்தொலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டம்) வந்துவிடும். மெட்டுக்குக் கார்டு போட்டுப் பாடும் பாட்டுகளுக்கு இதைவிடக் குதூகலமான துணை இல்லை. ராகமாக விரியும் பாட்டுக்கு அவ்வளவாக ஒட்டாது. புது நரம்புகள் முதல் சில நாட்கள் இளகிக்கொண்டே இருக்கும், எடுக்கும்போதெல்லாம் சுருதி சேர்க்க வேண்டும். சின்னப் பிள்ளையால் அது முடியாது. பெரியவர் ஒருவர் கூடவே கற்கத் தயாராக இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். வீட்டில் கிடார் பழகிய மாமாவோ அத்தையோ இருந்தால் கீபோர்டுக்கு முன்னாலேயே இதை வாங்கலாம். கிடாரின் மெல்லிய நான்கு கம்பிகளில் பிடிக்கும் கார்டு வடிவங்களே இதிலும் செல்லும் என்பதால், அவர்களால் எடுத்த அன்றே பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க முடியும்.