மாம்பழ பாக்கெட்டா, கரும்பு ஜூஸா, இளநீரா?

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் அண்ணி டீயில் சர்க்கரையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. "வெறும் டீதானே குடிக்கிறேன், அப்புறமும் ஏன்?" என்று கேட்டார். வேறு என்னென்ன குடிக்கிறார் என்று உட்கார்ந்து எழுதினோம். காலையில் பாலில் கலந்த ஊட்டச்சத்து பவுடர், மதியம் பிள்ளையோடு சேர்ந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட், ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் கரும்பு ஜூஸ்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவை வைத்துக்கொண்டோம். சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 5 சதவீதம் என்றால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன்.

மாம்பழ பாக்கெட்டைத் திருப்பினால், பொடி எழுத்தில் 100 மி.லி.க்கு 13 கிராம் என்று இருந்தது. பாக்கெட் 160 மி.லி. ஒரு தட்டில் ஐந்து ஸ்பூன் சர்க்கரையை அளந்து கொட்டினேன். அண்ணி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் இவ்வளவு போட்டிருந்தால் ஒரு வாய்கூட இறங்கியிருக்காது. சில்லென்று இருப்பதும் சேர்த்திருக்கும் புளிப்பும் அந்தத் தித்திப்பை மறைத்துவிடுகின்றன.

கரும்பு ஜூஸும் சர்க்கரையில் குறைந்ததில்லை. 200 மி.லி. கிளாஸில் 25 கிராமைத் தொடும். நெல்லிக்குப்பம் ஆலையில் சர்க்கரையாவதும் இதே கரும்புதானே. இஞ்சி, எலுமிச்சை சேர்ப்பதால் அது குறையாது. ஆனாலும் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் நான் இதன் பக்கம்தான். இனிப்பு என்று தெரிந்தே குடிக்கிறோம், வாரத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எனக்கு உண்மையில் கோபம் ஊட்டச்சத்து பவுடர் மேல்தான். உடம்புக்கு நல்லது என்று நம்பித் தினமும் கொடுக்கிறோம். பல டப்பாக்களில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. போதாதென்று வீட்டில் இன்னொரு ஸ்பூன் போடுகிறோம். சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கும். சர்க்கரைக் கணக்கில் வராது, உடம்புக்குள் போனதும் சீக்கிரமே குளுக்கோஸாகிவிடும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் வைக்கவேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. நம் அடுப்படி அலமாரியில் மட்டும் அவை அதே இடத்தில் இருக்கின்றன.

இளநீரில் 100 மி.லி.க்கு 3 முதல் 5 கிராம்வரை சர்க்கரை உண்டு, கூடவே பொட்டாசியமும். நீர்மோரில் சேர்த்த சர்க்கரையே இல்லை. தினமும் குடிக்க மோர், வெயிலில் அலைந்து வந்தால் இளநீர். என் வரிசை இதுதான்.

சரி, ஒரு பாக்கெட்டால் எடை ஏறிவிடுமா? 21 கிராம் சர்க்கரை என்பது 84 கலோரி. இரண்டு கொய்யாப்பழத்தை மென்று தின்றால் வயிறு நிறைந்து அடுத்த வேளைச் சோறு குறையும். ஜூஸ் குடித்தால் அப்படிக் குறைவதில்லை. அந்தக் கலோரி தினமும் மேலதிகமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

அண்ணி இப்போது காலையில் கேழ்வரகுக் கூழுக்கு மாறிவிட்டார். பிள்ளைதான் இன்னும் பாக்கெட் கேட்டு அழுகிறான். பண்ருட்டி பலாச்சுளை நாலு கையில் கொடுத்தால், கொட்டையை உருட்டி விளையாடியபடி கொஞ்ச நேரம் மறந்துவிடுகிறான்.